வால் தேய்ந்த ட்ரவுட்

சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிறிய ஏரி ஒன்றில் பிடித்த முதல் மீனைக் கைவலையில் ஏந்தியபடி, இதை வீட்டுக்குக் கொண்டுபோவதா, தண்ணீரிலேயே விட்டுவிடுவதா என்று சற்று நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள ரெயின்போ ட்ரவுட் அது. உடம்பு கொழுத்துத்தான் இருந்தது. ஆனால் வால் துடுப்பின் கீழ்ப்பாதி, பல மாதம் முற்றம் பெருக்கிய விளக்குமாற்றைப் போலத் தேய்ந்து வட்டமாகியிருந்தது. முதுகுத் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தடித்து வெளுத்த ஒரு மேடு மட்டுமே இருந்தது. மார்புத் துடுப்புகள் இரண்டும் சுண்டுவிரல் நகமளவுக்குக் குறுகியிருந்தன. இடப்பக்கச் செவுள் மூடி முழுதாக வளராததால், உள்ளே சிவந்த செவுள் வெளியே தெரிந்தது. தூண்டிலில் மாட்டியதும் இரண்டு முறை தலையை உதறியதோடு சரி; பிறகு ஈரத்துணியை இழுப்பது போல வந்து சேர்ந்துவிட்டது.

கொண்டுபோனேன். வீட்டில் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது அதில் ஒரு பூச்சிகூட இல்லை. மூன்று சுள்ளித் துண்டுகளும், நாணல் துணுக்கு ஒன்றும், மிளகைவிடச் சற்றுப் பெரிய கூழாங்கற்கள் ஐந்தாறும் இருந்தன. பிறந்தது முதல் குருணைத் தீவனத்தையே விழுங்கிப் பழகிய மீன், ஏரிக்கு வந்த பிறகும் அந்த அளவிலும் நிறத்திலும் எது கண்ணில் பட்டாலும் அதையே தீனி என்று நம்பி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சதை வெளிறி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும்படி இருந்தது. "என்னங்க, இதுக்குக் காசு வேற கொடுத்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அந்த ஏரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அப்படிப்பட்ட மீன்களை விடும் ஏரி அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இங்கிலாந்து ஏரிகளில் தூண்டில்காரர்கள் பிடிக்கும் ரெயின்போ ட்ரவுட், அந்நாட்டு மீன் அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும் ரஷ்யாவின் கம்சத்காவும் அதன் தாயகம். 1880களில்தான் அதன் சினை முட்டைகள் கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தன. அது முட்டையிடுவதற்கு ஓடும் நீரும் சரளைக்கல் படுகையும் தேவை. தேங்கிய நீரில் அது பெருகுவதில்லை. பிரிட்டனின் ஆறுகளில்கூட அது தானாகவே நிலைத்த இடங்கள் மிகச் சிலவே. ஆகவே ஓர் ஏரியில் உள்ள ஒவ்வொரு ரெயின்போ ட்ரவுட்டும் ஏதோ ஒரு பண்ணையின் பொரிப்பகத்தில் பொரிந்து, தொட்டியில் வளர்ந்து, லாரியில் வந்து இறங்கிய மீன்தான். இதைச் சொன்னால் நம் ஊர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். விலைக்கு வாங்கிய மீனைத் தண்ணீரில் விட்டு, அதையே மறுபடியும் விலை கொடுத்துப் பிடிப்பது அவர்களுக்கு விந்தையாகப் படுகிறது. அந்த விந்தையை நான் ஏற்றுக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஏற்றுக்கொள்ள முடியாமல் இருப்பது, விடப்படும் மீனின் தரத்தைப் பற்றி ஏரிக்கரையில் யாரும் பேசுவதில்லை என்பதுதான். எத்தனை பவுண்டு, எத்தனை மீன் என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த மீனின் வால் மனத்தை விட்டு அகலாததால், அடுத்த மாதம் ஒரு நண்பரின் மூலம் அனுமதி பெற்று ஒரு ட்ரவுட் பண்ணையைப் போய்ப் பார்த்தேன். ஓர் ஓடையிலிருந்து திருப்பிவிடப்பட்ட தண்ணீர் நீண்ட சிமெண்ட் வாய்க்கால்கள் வழியாக ஓடிக்கொண்டிருக்க, அவற்றில் மீன்கள் எல்லாம் ஒரே திசையில், நீர் வரும் பக்கம் தலை வைத்து, முதுகோடு முதுகு உரச நின்றுகொண்டிருந்தன. அங்கே வேலை செய்த பெரியவர் ஒரு கை தீவனத்தை வீசினார். உலை கொதிப்பது போலத் தண்ணீர் பொங்கியது. அரை நிமிடத்தில் அடங்கியது. பிறகு ஒரு மீனை ஈரக் கையால் எடுத்து, அதன் முதுகுத் துடுப்பின் விளிம்பில் இருந்த மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காட்டினார். தீனிக்குப் பாயும்போது பக்கத்து மீன் கடித்த இடம் முதலில் அப்படித்தான் வெளுக்கும் என்றும், அந்தக் காயத்தில் பாக்டீரியா புகுந்தால் துடுப்பு அடிவரை கரைந்துவிடும் என்றும், வாலும் மார்புத் துடுப்பும் சிமெண்ட் சுவரிலும் தரையிலும் உராய்ந்து தேய்வது வேறு கணக்கு என்றும் விளக்கினார்.

நெரிசலைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போயிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகள்கூட, ட்ரவுட் தொட்டியில் ஒரு கன மீட்டர் நீருக்கு 25 கிலோ மீனுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கின்றன. ஆயிரம் லிட்டர் தண்ணீரில், நான் பிடித்த அளவிலான மீன்கள் இருபத்தைந்து. பெரியவரோ தலையை ஆட்டினார். மீன் மிகவும் குறைந்தால், நாலைந்து முரட்டு மீன்கள் தீனி விழும் இடத்தைத் தமக்கென்று பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டிக் கடிக்கும். அப்போதும் துடுப்பு போகும். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, அதில் உயிர்வளி போதுமா, தீனி ஒரே இடத்தில் விழுகிறதா பரவி விழுகிறதா, சிறியதையும் பெரியதையும் அவ்வப்போது தரம் பிரித்து வேறு வேறு தொட்டியில் விடுகிறார்களா என்பவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு மீனின் வாலைத் தீர்மானிக்கின்றன. மிதமான நீரோட்டத்துக்கு எதிராக நாள் முழுதும் நீந்தும் மீனுக்குச் சண்டை போட நேரமும் இல்லை, சதையும் இறுகுகிறது. பண்ணையின் கோடியில் மண்கரைக் குளங்கள் இரண்டு இருந்தன. அவற்றில் விட்டு வளர்த்த மீன்களின் வால்கள் ஏறக்குறைய முழுமையாக இருந்தன. அவற்றை வாங்க ஆள் குறைவு என்றார். வளர அதிக நாள் ஆகிறது, இடம் அதிகம் வேண்டும், ஆகவே விலையும் அதிகம்.

இங்கேதான் பழி நம் பக்கம் திரும்புகிறது. பண்ணைக்காரர் மீனைக் கிலோ கணக்கில் விற்கிறார். ஏரிக்காரர் கிலோ கணக்கில் வாங்குகிறார். துடுப்புக்கென்று பில்லில் தனிக் கட்டம் கிடையாது. சீட்டு வாங்கி வரும் தூண்டில்காரரோ, காலை பத்து மணிக்குள் ஒரு மீனாவது மாட்டாவிட்டால் அடுத்த வாரம் வேறு ஏரிக்குப் போய்விடுவார். ஆகவே லாரி வாரந்தோறும் வருகிறது. வழியில் தண்ணீரைக் கெடுக்காமல் இருப்பதற்காக ஓரிரு நாள் பட்டினி போட்டுக் கொண்டுவரப்பட்ட மீன்கள், இறக்கிவிட்ட இடத்தைச் சுற்றியே கூட்டமாக வட்டமிடுகின்றன. பளபளக்கும் ஆரஞ்சு நிறப் பஞ்சுருண்டை போன்ற 'பிளாப்' என்னும் தூண்டிலை எறிந்தால் ஒன்றன் பின் ஒன்றாகப் பாய்கின்றன. அதை மீன்பிடித்தல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

சிறிய மீனாக விட்டு ஏரியிலேயே வளரவிட்டால் என்ன என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான் செய்தார்கள். சாமர்செட்டில் உள்ள பிளாக்டன் ஏரி 1904இல் தூண்டில்காரர்களுக்குத் திறக்கப்பட்டபோதும், கிராஃபம் நீர்த்தேக்கம் 1966இல் திறக்கப்பட்டபோதும் பிடிபட்ட மீன்களின் அளவைப் பற்றி இன்றும் கதை கதையாகச் சொல்கிறார்கள். புதிதாக மூழ்கிய வயல்களிலும் புல்வெளிகளிலும் புழுவும் நத்தையும் பூச்சியும் மிகுந்திருந்ததால், சிறியதாக விட்ட மீன்கள் அவற்றைத் தின்று மளமளவென்று வளர்ந்தன. அந்தப் புதுநீர் வளம் எந்த ஏரியிலும் சில ஆண்டுகளுக்குமேல் நீடிப்பதில்லை. அதற்குமேல் நீர்க்காகங்கள் வந்தன. கடற்கரையை விட்டு உள்நாட்டு ஏரிகளில் கூடு கட்டத் தொடங்கிய நீர்க்காகக் கூட்டங்கள், கைக்கு அடங்கும் மீன்களை விட்டுவைப்பதில்லை. அதனால் அவற்றின் தொண்டைக்குள் எளிதில் போகாத அளவுக்குப் பண்ணையிலேயே வளர்த்து விட வேண்டியதாகிவிட்டது. தொட்டியில் கழியும் மாதங்கள் கூடக்கூட, துடுப்பு தேய்வதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

என்னோடு படகில் வரும் ஆங்கிலேய நண்பர் ஒருவர், இத்தனைக்கும் காரணம் மலட்டு மீன்தான் என்று சாதிப்பார். கருவுற்ற முட்டைகளைச் சிறிது நேரத்துக்குள் வெதுவெதுப்பான நீரிலோ உயர் அழுத்தத்திலோ சில நிமிடம் வைத்தால், வெளியேற வேண்டிய ஒரு குரோமோசோம் தொகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிகளோடு பிறக்கும் பெண் மீன்களுக்குச் சினை வளர்வதில்லை. இதைக் கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. மலடாக்காத மீன்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சைப் பேசமாட்டார்கள். ஆண் மீன் கறுத்து, கீழ்த்தாடை கொக்கி போல வளைந்து, கையில் எடுத்தாலே விந்து ஒழுகும்; பெண் மீன் முட்டையிட இடமில்லாமல் சினையைச் சுமந்துகொண்டு, உடம்பின் சத்தும் சதையின் நிறமும் முட்டைக்குப் போய்விட, சாம்பல் நிறச் சதையோடு சோர்ந்து கிடக்கும். வெப்பம் மிகுந்து தண்ணீரில் உயிர்வளி குறையும் கோடையில் மலட்டு மீன்கள் சற்று முன்னதாகவே தளர்ந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆறுகளில் இதற்கு வேறொரு நியாயமும் இருக்கிறது: உள்ளூர்ப் பழுப்பு ட்ரவுட்டின் மரபு கலந்துவிடக்கூடாது என்பதற்காக, இங்கிலாந்து ஆறுகளில் விடும் பழுப்பு ட்ரவுட் மலடாகவோ, அந்த ஆற்றின் தாய்மீன்களின் வழிவந்ததாகவோ இருக்க வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சதையின் நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இளஞ்சிவப்புச் சதையைக் கண்டதும் நல்ல மீன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஏரியில் நன்னீர் இறாலையும் நீர்த்தெள்ளுகளையும் தின்னும் மீனுக்கு அந்த நிறம் தானாக வருகிறது. பண்ணையிலோ அஸ்டாசாந்தின் என்னும் அதே நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். ஆகவே புதிதாக விட்ட மீனும் சிவப்பாக இருக்கலாம். நிறம் பொய் சொல்லும், வால் பொய் சொல்லாது என்று நான் எண்ணியிருந்தேன். சென்ற அக்டோபரில் ரட்லண்ட் வாட்டரில் பிடித்த மீன் அதையும் திருத்தியது.

ரட்லண்ட் 1970களில் ஒரு பள்ளத்தாக்கையே மூழ்கடித்துக் கட்டிய பெரிய நீர்த்தேக்கம். 1977 முதல் ட்ரவுட் பிடிக்க அனுமதி உண்டு. அன்று மாலை காற்று அடங்கிய வேளையில், படகிலிருந்து எறிந்த சிறிய கறுப்பு ஈத் தூண்டிலை ஒரு மீன் கவ்வியது. கவ்வியதும் சுருளிலிருந்த நூல் முழுதும் ஓடி, அதன் பின்னிணைப்பு நூலும் வெளியேறத் தொடங்கியது. இரண்டு முறை தண்ணீருக்கு மேலே எழும்பியது. கைவலைக்கு வந்தபோது அதன் வால் கத்தரித்த ஓலை விசிறி போல முனை கூர்ந்து விரிந்திருந்தது. வயிற்றில் பச்சைச் சாந்து போல நீர்த்தெள்ளு அடைந்திருந்தது. முதுகுத் துடுப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நேராகச் செல்ல வேண்டிய துடுப்புக் கதிர்கள், பாதி உயரத்தில் ஒரே கோட்டில் நெளிந்து, அங்கிருந்து மறுபடியும் வளர்ந்திருந்தன. அடி கெடாத துடுப்பு மீண்டும் வளரும். ஆனால் ஒடிந்த இடம் நெளிவாக நின்றுவிடும். ஏதோ ஒரு தொட்டியில் கடிபட்டு வந்து, ஒரு குளிர்காலத்தையாவது அந்தப் பெரிய நீரில் கழித்து, தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்ட மீன் அது.

அதில் சேற்று வாடை இல்லாததால் தேவைப்படாதபோதும், அதைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தோம். ஏரி ட்ரவுட்டில் சில சமயம் அடிக்கும் சேற்று வாடை, நீலப்பசும்பாசியும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அது புளிப்பில் சிதைந்துவிடும் இயல்புடையது. குளத்து மீனைப் புளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும் நம் வீட்டு வழக்கம் வேதியியலுக்கும் ஒத்துவருகிறது. சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் நடத்தி நீலகிரிக்குக் கொண்டுவந்த ரெயின்போ ட்ரவுட்டையும் யாராவது புளிக்குழம்பில் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் புதிய ஏரிக்குத் தொலைபேசியில் சீட்டு கேட்கும்போது, கடைசியாக மீன் விட்டது எப்போது என்று மற்றவர்களைப் போலவே நானும் கேட்கிறேன். "நேற்றுத்தான்" என்று உற்சாகமாகப் பதில் வந்தால், இரண்டு மாதம் கழித்து வருவதாகச் சொல்லி வைத்துவிடுகிறேன். மறுமுனையில் இருப்பவர் தாம் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று தயங்குவது ஒவ்வொரு முறையும் காதில் கேட்கிறது.