கதவைச் சாத்தும் சத்தம்

பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடித்த காலத்தில், எனக்குக் கோபமே வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹாரனைப் போட்டு அமுக்கமாட்டேன், யாரையும் ஏசமாட்டேன்.

ஒருநாள் கொல்லத்தில் ஒரு கமிஷன் கடையில், தக்காளி அழுகிவிட்டதென்று பத்துப் பேர் முன்னால் என் வாடகையில் பிடித்துக்கொண்டார்கள். பதில் பேசாமல் வண்டியை எடுத்தேன். புனலூர், தென்மலை, ஆரியங்காவு வரை வாய் திறக்கவில்லை. கிளீனர் பையன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான். அப்புறம் நிறுத்தியே விட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கோட்டைவாசல் தாண்டினால் புளியரை எஸ் வளைவு இறக்கம். எப்போதும் இரண்டாவது கியரில் இறங்குகிறவன், அன்றைக்கு மூன்றாவதில் விட்டேன். வண்டி வேறு காலி. ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும். கீழேயிருந்து வைக்கோல் லாரி ஏறி வந்தது. அந்த அகலத்துக்கு வளைவில் இரண்டு வண்டி சேர்ந்து திரும்ப முடியாது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, சட்டமே அதுதான். கிளீனருக்கு நூறு தடவை சொல்லிக் கொடுத்தவன் நான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடும். மனசு கொல்லத்துக் கடை வாசலில் நின்ற இரண்டு நொடியில் 22 மீட்டர் வந்துவிட்டேன். பாவம், லோடோடு நடு ஏற்றத்தில் அவர் நிற்கவேண்டியதாயிற்று.

ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தலையை வெளியே நீட்டி, "வீட்ல யாருக்கும் முடியலையா அண்ணாச்சி?" என்றார்.

காது சுட்டது. ரிவர்ஸில் மேலே ஏற்றி ஒதுங்கினேன்.

இப்போது லாரி ஆபீஸில் டிரிப் ஷீட் எழுதுகிறேன். டிரைவர்கள் இறங்கிக் கதவைச் சாத்துகிற சத்தத்தில் காது வைத்திருப்பேன். ஓங்கி அறைகிறவன் பரவாயில்லை, பாதிக் கோபம் கதவோடு போய்விடும். சத்தமில்லாமல் சாத்துகிறவனைத்தான் உட்காரவைத்து டீ சொல்வேன்.

சந்தோஷமும் லேசுப்பட்டதில்லை. போன மாதம் ஒரு பையன், தென்காசி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்திருக்கிறாள் என்று மிட்டாய் டப்பாவோடு வந்தான். வெளியே அவன் வண்டியில் தார்ப்பாய்க் கயிறு ஒரு பக்கம் கட்டாமல் தொங்கியது. சரி என்று சாவியை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, "மொதல்ல பிள்ளையப் பாத்துட்டு வா" என்றேன்.

லோடு மறுநாள்தான் போனது. முதலாளி என்னிடம் ரெண்டு நாள் பேசவில்லை.