படகுத்துறை நிழலில் கிராப்பி: லேனியர் ஏரி நாட்குறிப்பு

ஜூன் 1, 2024, சனி

வசந்த காலத்தில் கரையோரத்தில் தக்கை கட்டிக் கிராப்பி என்னும் நன்னீர் மீனைப் பிடித்தவர்களுக்கு இப்போது லேனியர் ஏரி காலியாகிவிட்டதுபோல் தோன்றும். முட்டையிட்டு முடித்த மீன்கள் ஆழமற்ற ஓடைமுகங்களை விட்டு விலகி, நிழலும் சிறுமீன்களும் ஒருசேரக் கிடைக்கும் படகுத்துறைகளின் அடியில் போய் நின்றுவிடுகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடகிழக்கே, சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1950களில் எழுப்பப்பட்ட பியூஃபோர்ட் அணையால் உருவான ஏரி இது. நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் இங்குள்ள தனியார் படகுத்துறைகள் மிதவைகளின் மேல் அமைந்திருக்கின்றன. தளத்தின் அடிப்பக்கத்துக்கும் நீருக்கும் இடையே பல இடங்களில் ஓர் அடி இடைவெளிகூட இருப்பதில்லை. தூண்டிலைத் தலைக்கு மேலே சுழற்றி வீசும் எவருக்கும் அந்த இடைவெளி அடைபட்ட கதவுதான். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர், தூண்டில்கோலை வளைத்து, ஜிக்கை (ஈயத்தலை பொருத்திய தூண்டில் முள்) அந்த இடுக்குக்குள் எய்யும் முறையைக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 2, 2024, ஞாயிறு

பாடம் வீட்டின் பின்புறப் புல்வெளியில் தொடங்கியது. ஐந்தரை அடி நீளமுள்ள கோல், நரம்பைச் சுற்றிவைக்கும் சிறிய ஸ்பின்னிங் ரீல், நான்கு பவுண்டு தாங்கும் மஞ்சள் நிறத் தூண்டில் நரம்பு, 1/16 அவுன்ஸ் ஈயத்தலை கொண்ட ஜிக், அதில் செருகிய இரண்டு அங்குல ரப்பர் மீன்குஞ்சு: தேவையானவை இவ்வளவே. பயிற்சிக்காக முள்ளின் முனையை அவர் முன்பே வெட்டியிருந்தார்.

ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பை வலக்கை ஆள்காட்டி விரலால் கோலோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். கோலின் நுனியிலிருந்து தொங்கும் நரம்பு ஏறக்குறைய ரீல் வரை எட்டும் நீளத்தில் இருக்க வேண்டும். பிறகு இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஜிக்கின் ஈயத்தலையை, முள் விரல்களை விட்டு வெளியே நோக்கியிருக்கும்படி பிடித்து, ரீலின் பக்கமாகப் பின்னிழுத்தால் கோல் நன்றாக வளைகிறது. கவட்டையில் கல் வைத்து இழுப்பது போன்றதுதான்; ஆனால் இங்கே விடவேண்டிய கைகள் இரண்டு. முதலில் ஜிக்கை விட வேண்டும், கோல் நிமிரும் அதே கணத்தில் நரம்பையும் விட வேண்டும். நரம்பு முந்திக்கொண்டால் ஜிக் வலுவிழந்து காலடியில் விழுகிறது; பிந்தினால் நரம்பு இழுத்துப் பிடிக்க, ஜிக் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. கண்ணாடி அணிந்துகொள்ளும்படி அவர் வற்புறுத்தியதன் காரணம் அப்போது விளங்கியது.

கோலை எவ்வளவு அதிகமாக வளைக்கிறோம் என்பதைவிட, கோலின் நுனி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதே ஜிக்கின் பாதையைத் தீர்மானிக்கிறது. நின்றுகொண்டு எய்தால் ஜிக் மேலிருந்து சரிந்து இறங்கும். முழந்தாளிட்டு நுனியைத் தரைக்குச் சில அங்குலம் மேலே வைத்து எய்தால், புல்லை உரசியபடி நேராகப் போகிறது. மாலையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களுக்கிடையே எய்து பழகினேன்.

ஜூன் 8, 2024, சனி

ஏரியில் இறங்கினோம். பாண்டூன் படகு கட்டியிருக்கும் துறைகளையே அவர் தேடினார். அந்தப் படகின் இரண்டு அலுமினிய உருளைகளுக்கு நடுவே முன்னிருந்து பின்வரை இருண்ட சந்து ஒன்று ஓடுகிறது. வெயில் ஏற ஏற மீன்கள் அதன் உள்கோடிக்கே ஒதுங்குகின்றனவாம். எனவே துறையின் முகப்பில் விழும் ஜிக்குக்கும் பதினைந்து அடி உள்ளே போகும் ஜிக்குக்கும் பலனில் பெரும் வேறுபாடு இருக்கிறது.

நீரின் மேல் எய்வதில் புல்வெளியில் இல்லாத ஒரு வசதி உண்டு. தாழ்வாகச் செல்லும் ஜிக், ஓட்டாஞ்சில்லைப் போலத் தத்திச் செல்வதால், எய்த விசை தீர்ந்த பிறகும் சில அடிகள் கூடுதலாக உள்ளே நுழைந்துவிடுகிறது. மீன் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. படகின் பின்னாலிருந்த அவர் அதே சந்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, 2024, சனி

அவருக்கும் எனக்குமான வேறுபாடு எய்வதில் இல்லை, எய்த பிறகு நடப்பதில் இருக்கிறது. ஜிக் நீரைத் தொட்டதும் அவர் கம்பி வளையத்தைக் கையாலேயே மூடி, தளர்ந்த நரம்பைச் சற்றே சேர்த்துக்கொண்டு, அதன்பின் கோலை அசைப்பதே இல்லை. ஜிக் தானாக இறங்குகிறது. அவர் நரம்பு நீருக்குள் நுழையும் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மஞ்சள் நிறம் மீனுக்காக அன்று, நம் கண்ணுக்காகத்தான்.

கிராப்பியின் கண்கள் தலையின் மேற்பகுதியில் அமைந்திருக்கின்றன; தனக்கு மேலே மெதுவாக இறங்கும் இரையை அது எழும்பிவந்து விழுங்குகிறது, தன் மட்டத்துக்குக் கீழே போய்விட்ட இரையைத் துரத்துவது அரிது. கவ்விய மீன் இழுத்துக்கொண்டு ஓடுவதும் இல்லை. நரம்பு ஒருமுறை துள்ளும், அல்லது பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகரும். சில வேளைகளில் இறங்கிக்கொண்டிருந்த நரம்பு காரணமின்றி நின்றுவிடும். மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறது என்று பொருள். கையில் அதிர்வு வரட்டும் என்று காத்திருப்பவர், அது ஜிக்கைத் துப்பிய பிறகே விழித்துக்கொள்கிறார்.

இன்று அப்படி நின்ற நரம்பைக் கண்டு மணிக்கட்டைப் பக்கவாட்டில் திருப்பினேன். மேல்நோக்கிச் சுண்டினால் கோல் தளத்தில் இடிக்கும். அதோடு, கிராப்பியின் வாயோரத் தோல் காகிதம்போல் மெல்லியதாதலால் வலுவான சுண்டலில் கிழிந்தும்விடும். விட்டுவிட்டு இழுக்காமல் ஒரே சீராகச் சுற்றி, நங்கூரக் கம்பிகளில் சிக்குமுன் மீனை வெளியே கொண்டுவந்தேன். முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணச் சொன்னார்: ஏழு. கருங்கிராப்பிக்கு ஏழு அல்லது எட்டு, வெண்கிராப்பிக்கு ஐந்து அல்லது ஆறு இருக்கும். நிறத்தை நம்பி இனத்தைச் சொல்வது சரிவராது.

ஜூலை 6, 2024, சனி

சுதந்திர தின வார இறுதி. காலை ஒன்பது மணிக்குள் விசைப்படகுகளின் அலையில் துறைகள் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டன; இடைவெளி ஒரு கணம் திறந்து மறுகணம் மூடிக்கொள்ளும்போது எய்வதில் பயனில்லை. வீடு திரும்பினோம்.

ஜூலை 20, 2024, சனி

எல்லாத் துறைகளும் மீன் தருவதில்லை. எதனால் என்பதை அறிவதே இந்தக் கலையின் கடினமான பகுதி என்று எனக்குப் படுகிறது. அடியில் இருபது அடிக்குக் குறையாத ஆழமும் அருகில் பழைய ஓடைத்தடமும் உள்ள துறைகள் நமக்கு உகந்தவை. துறையின் மேல் கோல்தாங்கிகளோ இரவு விளக்கோ தெரிந்தால், அதன் உரிமையாளரும் மீன் பிடிப்பவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் மரக்கிளைகளைக் கட்டி அடியில் இறக்கியிருப்பதும் உண்டு. ஒலியலையால் நீருக்கடியைக் காட்டும் பக்கவாட்டு சோனாரில், துறையின் நிழலுக்குள் மீன்கள் வெண்புள்ளிக் கூட்டமாகத் தெரிந்தால் மட்டுமே இப்போது படகை நிறுத்துகிறோம்.

இந்த ஏரியில் கரைநிலம் கூட்டரசுக்குச் சொந்தமானது. தரைப்படைப் பொறியாளர் பிரிவின் அனுமதியோடு தனியார் துறை கட்டிக்கொள்கிறார்கள். நீர் பொதுவானதென்றாலும், அவர்களுடைய படகின் துணிமூடியில் முள்ளைக் குத்துவது அடாத செயல். துறையில் ஆட்கள் அமர்ந்திருந்தால் நாங்கள் கையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இந்த மரியாதை இல்லாமல் இந்த முறை நெடுநாள் நிலைக்காது.

ஆகஸ்ட் 3, 2024, சனி

இன்று 1/16 அவுன்ஸிலிருந்து 1/32க்கு மாறிப் பார்த்தோம். எடை பாதியானதால் இடுக்குக்குள் எய்வது கடினமாகிறது, காற்றடித்தால் இன்னும் கடினம். ஆனால் ஓர் அடி இறங்க ஏறத்தாழ இரண்டு நொடி எடுத்துக்கொள்வதால், வெக்கையில் சோம்பிக் கிடக்கும் மீன்களின் கண்முன் நெடுநேரம் நிற்கிறது. ஜிக்கை இறுக்கமான முடிச்சாகக் கட்டாமல் கண்ணிமுடிச்சாகக் கட்டியபின், அது தலைகுப்புறச் சரியாமல் கிடைமட்டமாக இறங்கியது. நிறத்தைப் பற்றி மீன்பிடிப்போர் நிறையச் சண்டையிடுகிறார்கள். எடையை மாற்றிய அன்று கிடைத்த பலன் நிறத்தை மாற்றிய எந்த நாளிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜார்ஜியாவில் ஒருவர் ஒரு நாளைக்கு முப்பது கிராப்பி வரை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வீட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்தோம். சதை வெண்மையானது, மெல்லியது. மிளகாய்த்தூளையும் மஞ்சளையும் குறைவாகவே தடவி, ரவையில் புரட்டி வறுத்தால் உடையாமல் வருகிறது. அடுத்த வாரத்துக்கு 1/24 அவுன்ஸ் ஜிக்குகள் வாங்கி வைத்திருக்கிறேன். 1/32 போல மெதுவாக இறங்கி, காற்றிலும் இடுக்குக்குள் நுழையுமா என்று பார்க்க வேண்டும்.