மகளின் கோடை விடுமுறை

விடுமுறை தொடங்கியதிலிருந்து மகள் ஓயாமல் தண்ணீர் கேட்டாள். வெயில்தான் காரணம் என்று நினைத்தோம். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தாள், கன்னம் ஒட்டிப்போனது. பரிசோதித்தால் டைப் 1 நீரிழிவு. 6 வயதில்!

இனிப்பு தின்று வந்த நோயல்ல இது. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இதைக் கேட்ட பிறகுதான் மனைவி தன்னையே நொந்துகொள்வதை நிறுத்தினாள்.

இப்போது ரத்தச் சர்க்கரை பார்க்க எந்த விரலில் குத்துவது என்று மகளே சொல்கிறாள். 3 வயதுத் தம்பி அந்த விரலை ஊதிவிடுகிறான். நேற்று இருவரும் மாலை முழுவதும் தண்ணீரில் ஆடினார்கள். சர்க்கரை திடீரெனக் குறைந்தால் கொடுக்க, கரையில் பழச்சாறுடன் நான்.

அவள் உயிரைக் காக்கும் இன்சுலினை முதன்முதலில் மனிதருக்குச் செலுத்தியது 1922இல்தான் என்று படித்த இரவு, தூங்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படித் தாகம் இருந்தால், தயவுசெய்து உடனே ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.