தில்லையில் திசைகாட்டி

சிதம்பரம் போகிறேன் என்று சொன்னால் போதும், "நடராஜரின் கால் பெருவிரல்தான் பூமியின் காந்த மையம்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிவிடுவார்கள். தரைமேல் அப்படியொரு புள்ளி கிடையாது. காந்த நடுக்கோடுதான் உண்டு. அந்தக் கோட்டில் காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும். அது தெற்கே திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமாகப் போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தது அதற்காகத்தான். (அங்கே முதல் அலுவலகமாக இடம் கொடுத்தது ஒரு மாதா கோயில் என்பது தனிச் சுவை.) போதாததற்கு அந்தக் கோடு வருஷத்துக்கு வருஷம் நகரும், பெருவிரல் நகராது.

சந்தேகமிருந்தால் காந்தமானி செயலியுள்ள போனை மட்டமான தரையில் கிடத்தி, செங்குத்து அச்சின் அளவைப் பாருங்கள். நடுக்கோட்டில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். கோயிலுக்கு வெளியே, திறந்த வெளியில் செய்யுங்கள்; இரும்புத் தடுப்புக் கம்பி பக்கத்தில் இருந்தாலே அளவு கெட்டுவிடும். முன்னதாகப் போனை எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்யாவிட்டாலும் தவறாகத்தான் காட்டும்.

ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தில் காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருப்பது உண்மை: சுமார் 79.69 முதல் 79.70 டிகிரி கிழக்கு. ஏறக்குறைய 260 கி.மீ. நீளத்தில் ஒரு கிலோமீட்டர்கூட விலகவில்லை. மற்ற இரண்டான திருவண்ணாமலையும் திருவானைக்காவும் இந்தக் கோட்டில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திட்டமிட்டு அமைத்தார்களா என்பதை வரைபடம் மட்டும் சொல்லிவிடாது.

நடராஜர் சன்னதியின் பொற்கூரையில் 21,600 ஓடுகள், ஒரு நாளின் மூச்சுக் கணக்கு என்பார்கள். நாழிகைக்கு 360, நாளுக்கு 60 நாழிகை. பெருக்கினால் 21,600; அதை நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு 15 வரும். ஓய்வில் இருப்பவருக்கு மருத்துவம் சொல்வது 12 முதல் 20. கணக்கு பொருந்துகிறது, படியேறி வந்த பக்தருக்குப் பொருந்தாது!

தவறவிடக் கூடாதது ரத்தினசபாபதி தீபாராதனை. காலை இரண்டாம் கால பூஜையில், 10 மணிக்குமேல் நடக்கும். மாணிக்க நடராஜருக்கு முதலில் முன்பக்கம் கற்பூரம் காட்டுவார்கள்; மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் திருமேனி இருண்டு தெரியும். பிறகு பின்பக்கம் காட்டும்போது ஒளி கல்லுக்குள் புகுந்து வருகிறது. மாணிக்கத்திலுள்ள குரோமியம் பச்சையையும் ஊதாவையும் விழுங்கிவிடுவதால் சிவப்பு மட்டும் வெளியே வரும். இது சில நொடிதான். கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். கண்ணைத் திறந்தே கும்பிடுங்கள். காரணம் தெரிந்தவருக்கும் அந்த நொடியில் மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது.

சிதம்பர ரகசியம் என்கிற இடத்தில் திரை விலகினால் பொன் வில்வமாலை மட்டும் தொங்கும், உருவம் இல்லை. ஆகாயம் என்று வணங்குவது அதைத்தான். அளப்பதற்கு அங்கே ஒன்றும் வைக்கப்படவில்லை. காந்தக் கதை அதற்கு எதையும் கூட்டுவதாகத் தெரியவில்லை. 2004-ல் ஜெனீவா அருகே செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகத்தில் நடராஜர் சிலை வைத்ததையும் நிரூபணம்போலப் பேசுகிறார்கள். அது இந்திய அரசு தந்த பரிசு.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 5 மணி வாக்கில்தான் திறப்பு. நடராஜர் சன்னதிக்கு முன்னுள்ள கனகசபை மண்டபத்தில் ஏற ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும்.