ஆச்சியின் அச்சில் அச்சு முறுக்கு: இதுவரை வந்த பதம்

நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் முந்திரிக்கொத்து, கை முறுக்கு, அதிரசம் என்று பெரிய வரிசையே உண்டு. எங்கள் வீட்டில் மற்றதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் கூடும், குறையும். அச்சு முறுக்கு இல்லாமல் மட்டும் பண்டிகை வந்ததில்லை. ஆச்சி காலமான பிறகு அம்மா சில வருஷம் சுட்டாள். அப்புறம் முட்டிவலி வந்து, கடையில் வாங்க ஆரம்பித்தோம். கடை அச்சு முறுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மொறுமொறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் கடிக்கும்போது தேங்காய்ப்பால் வாசம் வருவதில்லை. எனக்கு அந்த வாசம் வேண்டும். அதனால் இந்த வருஷம் ஊரிலிருந்து ஆச்சியின் அச்சை எடுத்துவந்து, சென்னை வீட்டில் சுட்டுப் பார்க்கிறேன்.

முதல் வேலை அச்சைப் பழக்குவது. ஆச்சியுடையது கனமான பித்தளை அச்சு. நடுவில் ஒரு வளையம், சுற்றிலும் எட்டு இதழ், நீளமான கம்பி, நுனியில் மரப்பிடி. பல வருஷம் பரணில் கிடந்ததில் பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்ததும் நிறம் வந்துவிட்டது. இரவு முழுக்கக் கஞ்சித் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் துடைத்துக் காயவைத்து, சூடான எண்ணெயில் கொஞ்ச நேரம் கிடக்கவிட்டேன். அம்மா போனில் சொன்ன முறை இது. அப்படியும் முதலில் மாவில் முக்கிச் சுட்ட சிலது அச்சை விட்டு வரவே இல்லை. ஈர்க்குச்சியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாலைந்து முக்குக்குப் பிறகு அச்சு தானாக வழிக்கு வந்தது. புதிதாக அச்சு வாங்குகிறவர்கள் இந்தக் கட்டத்தில் மனம் தளர வேண்டாம்.

அடுத்தது மாவு. முக்கால்வாசி விஷயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. பாக்கெட் பச்சரிசி மாவில் ஒரு தடவை சுட்டேன். மாவு நன்றாகக் காய்ந்தது, தேங்காய்ப்பாலை இழுத்துக்கொண்டே போனது, முறுக்கும் கடினமாக வந்தது. பிறகு பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பினேன். டிசம்பர் மழையில் சென்னையில் நிழலில் உலர்த்துவதெல்லாம் நடக்கிற காரியமில்லை, மின்விசிறிக்குக் கீழேதான். அரிசியைக் கையில் அள்ளினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மிக்ஸியில் திரித்து இரண்டு முறை சலித்தேன். இந்த ஈர மாவில் சுட்டது வாயில் போட்டதும் பொடிந்தது.

இப்போது நான் வைத்திருக்கும் அளவு: அரிசி மாவு 2 கப், மைதா கால் கப், பொடித்த சீனி முக்கால் கப், முட்டை 2, கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கப்பிலிருந்து ஒன்றேமுக்கால் கப், கருப்பு எள் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மாவு தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும். சீனியைக் கூட்டினால் முறுக்கு சட்டென்று கறுத்துவிடும், அச்சிலும் பிடித்துக்கொள்ளும். முட்டையை நுரை வர அடிக்கக் கூடாது, கலந்தால் போதும். தேங்காய்ப்பால் கட்டாயம் புதிதாகப் பிழிந்ததாக இருக்க வேண்டும். டப்பாப் பாலில் சுட்டால் கடை முறுக்குதான் கிடைக்கும்.

சுடும்போது கண் முழுக்க அச்சின் மேல் இருக்க வேண்டும். எண்ணெயிலேயே கிடந்து சூடேறிய அச்சை எடுத்து, சொட்டும் எண்ணெயை உதறிவிட்டு மாவில் இறக்க வேண்டும். 'சொய்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் சூடு சரி. சத்தமே இல்லையென்றால் மாவு அச்சைப் பிடிக்காது. அச்சு அளவுக்கு மேல் காய்ந்திருந்தாலும் மாவு வெந்து பாத்திரத்திலேயே உதிர்ந்துவிடும். முக்கால் உயரத்துக்குத்தான் முக்கலாம். மேல் விளிம்பை மாவு மூடினால் முறுக்கு கழன்று வராது. எண்ணெயில் வைத்ததும் இதழ்களைச் சுற்றி நுரை பொங்கும். அது கொஞ்சம் அடங்கியதும் கம்பியை லேசாக உலுக்கினால் முறுக்கு நழுவி மிதக்கும். திருப்பிப் போட்டு, இளம் பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது துவண்டுதான் இருக்கும், ஓரிரு நிமிஷத்தில் தானே மொறுமொறுப்பாகும். அரிசி மாவு அடியில் தங்குவதால் ஒவ்வொரு முக்குக்கும் முன்னால் ஒரு கலக்குக் கலக்குவது அவசியம்.

ஆச்சி இதையெல்லாம் பின்கட்டில், விறகடுப்பில், தேங்காய் எண்ணெயில் செய்தாள். மாவு கரைத்ததும் அதன் மேல் விரலால் ஒரு சிலுவை போடுவாள், பிறகுதான் அடுப்பு மூட்டுவாள். பிள்ளைகளான எங்களுக்கு வேலை, முறத்தில் காகிதம் விரித்து, சுட்டதை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்குவது. முழுசாக இருப்பதெல்லாம் பிஸ்கட் டின்னுக்கும் அக்கம்பக்கத்து வீட்டுத் தட்டுகளுக்கும் போகும். உடைந்தது எங்களுக்கு. அண்ணன் அடுக்குகிற சாக்கில் இதழை நசுக்குவான். "மக்ளே, அது தானா உடஞ்சதா, நீ ஒடச்சியா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்பாள் ஆச்சி. ஆனால் உடைந்ததை ஒரு நாளும் திருப்பி வாங்கியதில்லை. தீபாவளிக்கு எங்களுக்கு அதிரசம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் 24ஆம் தேதி சாயங்காலத்துக்குள் தட்டு போய்ச் சேர வேண்டும் என்பதில் மட்டும் அவ்வளவு கண்டிப்பு. பாட்டுப் பாடிக்கொண்டு சபையார் வீடு வீடாக வரும் இரவுக்கென்று தனியாக ஒரு டின் இருக்கும். அதை நாங்கள் தொடவே மாட்டோம்.

இந்தப் பலகாரம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கேரளத்தில் இதுவேதான் அச்சப்பம். 1956 வரை எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்ததை நினைத்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்துச் சுடும் கொக்கிஸும் இதே குடும்பம். ஸ்வீடன், நார்வே வீடுகளிலும் இதே மாதிரி அச்சில் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிறார்கள், அங்கே கோதுமை மாவும் பசும்பாலும். டச்சுக்காரர்கள் வழியாக நம் பக்கம் வந்தது என்று பலர் சொல்வார்கள். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்த கதையைச் சொல்லிக்கொண்டேதான் பாட்டா எங்களோடு உட்கார்ந்து முறுக்கு தின்பார்.

இப்போதைய நிலை: வடிவமும் மொறுமொறுப்பும் வந்துவிட்டன. வாசம் பாதி வந்திருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் சுட்டதால்தான் மீதி வரவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஊரில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயோடு அம்மா வருகிறாள். விறகடுப்புக்கு வழியில்லை, எண்ணெயையாவது மாற்றிப் பார்க்கலாம். அரிசி ஒரு படி ஊறப்போடுவதாக இருக்கிறேன். எங்கள் மாடியில் மட்டும் நாலு வீட்டுக்குத் தட்டு போக வேண்டும், அண்ணனுக்குக் கோயம்புத்தூருக்கு ஒரு டின் தனி.