லினக்ஸில் இலவச வீடியோ எடிட்டர்: மிருதங்கப் பதிவுக்கு எது சரிப்பட்டது

மிருதங்க சாதகத்தைப் பதிவு செய்து கூட வாசிக்கும் நண்பர்களுக்கு அனுப்புவது வழக்கம். படம் செல்போனில் எடுப்பேன். ஒலியைத் தனி ரெக்கார்டரில் பிடிப்பேன், ஏனென்றால் தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், விழும் கும்கி என்கிற ஆழமான ஓசையைச் செல்போன் மைக் பாதிதான் வாங்கும். இரண்டையும் பொருத்தி, தாளத்தின் பெயரைத் தமிழில் போட்டு, வேண்டாததை வெட்ட வேண்டும். மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட், 8 ஜிபி ராம். தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. இந்த வேலைக்கும் இந்தக் கணினிக்கும் எது ஒத்துவரும் என்றுதான் தேடினேன்.

இலவசம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது டாவின்சி ரிசால்வ். நிறத்திருத்தத்தில் அதன் பெயர் பெரியது, நியாயமான பெயர்தான். ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். லினக்ஸுக்கான அதன் இலவசப் பதிப்பில் ஹெச்.264, ஹெச்.265 கோப்புகள் திறக்காது. செல்போன் எடுப்பதெல்லாம் அந்த இரண்டில் ஒன்றுதான். எடிட்டிங்குக்கென்றே உள்ள டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் நல்ல தரத்தில் முழு ஹெச்டி படம் ஒரு நிமிடமே ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். அரைமணி நேரச் சாதகத்துக்கு இது கட்டாது. விட்டுவிட்டேன்.

அடுத்து ஓபன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ் என்கிற மூன்று இலவச எடிட்டர்கள். ஓபன்ஷாட் எளிது, பிறந்தநாள் படத்தொகுப்பு செய்பவருக்குத் தயங்காமல் சொல்வேன். மற்ற இரண்டையும் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நேரம் மிச்சமாகும்: இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்கிற ஒரே இயந்திரம். ஷாட்கட்டை எழுதும் டான் டென்னெடிதான் எம்எல்டியை உருவாக்கியவர்களிலும் ஒருவர். அதனால் கடைசியில் வரும் வீடியோவின் தரத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. கைக்கு எது பழகுகிறது என்பதே கேள்வி.

இனி ஒத்திசைவு. மிருதங்கத்தில் இதுதான் உயிர். செல்போன்கள் வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேம் வேகத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும். 30 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஏறி இறங்கும். டைம்லைனில் போட்டுப் பார்த்தால் ஆரம்பத்தில் சரியாக இருக்கும், போகப்போக நழுவும். ஒரு ஆதிதாளப் பதிவில் வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், ஆள்காட்டி விரல் அடித்து எழுந்த பிறகே ‘நம்’ என்கிற சொல் கேட்டது. வேகமான இடங்களில் மூன்று நான்கு ஃப்ரேம் விலகினாலே ஓசை அடுத்த சொல்லின் மேல் போய் விழுந்துவிடும். பார்க்கிறவருக்குக் கையே தப்பாக வாசிப்பதுபோல் தோன்றும். மீடியாஇன்ஃபோ என்கிற மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் வேகம் மாறுகிறதா, நிலையானதா என்று தெரியும். மாறுகிறது என்றால் எடிட் செய்யும் முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இதைக் கண்டுபிடித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்கின்றன. சரி என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ரெக்கார்டர் ஒலி. கேடென்லைவில் செல்போன் ஒலியை ஒப்பிடும் ஒலியாக (ரெஃபரன்ஸ்) குறித்துவிட்டு, ரெக்கார்டர் கிளிப்பை அதற்கு ஒத்துவைக்கச் சொன்னால் தானே நகர்ந்து பொருந்துகிறது. ஷாட்கட்டிலும் இந்த வசதி உண்டு. மிருதங்க ஒலியின் அலைவடிவத்தில் ஒவ்வொரு அடியும் கூரான முள்ளாக நிற்பதால், பொருந்தியதா என்று பெரிதாக்கிக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். நீண்ட பதிவில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகும். நடுவில் வெட்டி, பின்பாதியை மறுபடி ஒத்துவைத்தால் தீர்ந்தது.

தமிழ் எழுத்துக்கு நான் வைத்த சோதனை ‘கொன்னக்கோல்’, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலையின் பெயர். ‘கொ’வும் ‘கோ’வும் ஒரே சொல்லில் வருகின்றன, எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருள் கொம்பை இடம் மாற்றிப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் கேடென்லைவ் அதைச் சுத்தமாகக் காட்டியது. ஷாட்கட்டும்தான்.

பிறகு ஏன் கேடென்லைவைத் தேர்ந்தெடுத்தேன்? தலைப்புதான் காரணம். ஷாட்கட்டில் எழுத்து என்பது கிளிப்பின் மேல் போடும் ஒரு ஃபில்டர். கேடென்லைவில் தலைப்பு தனி கிளிப்பாகவே இருக்கிறது. அதை வார்ப்புருவாகச் சேமித்து, தாளத்தின் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். ஆதி, ரூபகம், மிஸ்ர சாப்பு என்று வாராவாரம் மாறும் எனக்கு இது பெரிய நிம்மதி. ப்ராக்ஸியையும் போட்டுக்கொண்டால், வெட்டும்போது சின்ன நகலும், ஏற்றுமதியின்போது அசல் கோப்பும் பயன்படும். தனி அட்டை இல்லாத கணினியில் டைம்லைன் திக்காமல் ஓடுவது இதனால்தான். மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் சிஸ்டம் பேக்கேஜாகக் கிடைப்பது கொஞ்சம் பழைய பதிப்பு. கேடென்லைவ் தளத்திலிருந்து ஆப்இமேஜ் கோப்பை இறக்கி, இயக்க அனுமதி கொடுத்தால் போதும், நிறுவவே வேண்டாம்.

இப்போது வசன வரி வசதியில் சொல்கட்டை, அதாவது அடிகளுக்கான வாய்ச்சொற்களை, போட்டுக்கொண்டிருக்கிறேன், வாசிக்கும்போதே ‘தகதிமி’ கீழே ஓடும்படி. நான்கு நான்காகப் போகும் சதுஸ்ர நடை முடிந்துவிட்டது. மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரத்தில் ஒவ்வொரு வரியின் எல்லையையும் அலைவடிவத்தைப் பார்த்துக் கையால்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது. அதில் பாதி மிச்சம்.