வளரிளம் பருவத்தினரும் ஆரம்ப சுகாதார நிலையமும்

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பழகியவை. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே இடமிருப்பது பலருக்கும் தெரியாது. 10 முதல் 19 வயது வரையிலானோருக்காக மத்திய அரசு 2014இல் தொடங்கிய வளரிளம் பருவ நலத்திட்டத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு, ஆலோசனையும் உண்டு. வாரம் ஒன்றாகத் தரப்படும் அந்த நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மாத்திரை கொடுப்பது எளிது, பேசுவதுதான் கடினம்.

பாலுறவு வழியாகப் பரவும் எச்பிவி வைரஸால் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள், அதாவது பாலுறவு தொடங்கும் முன்பே, போடுவது சிறந்தது என்று விளக்கினால், "இந்த வயதில் எதற்கு?" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். வைரஸ் தொற்றிய பிறகு போட்டால் அந்தத் தொற்றை ஊசி நீக்காது என்பதே அதற்கான நேரடிப் பதில்.

இதைவிடச் சிக்கலானது ரகசியம். 18 வயதுக்கு உட்பட்டவரின் பாலுறவு தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், உதவி தேவைப்படும் பெண்ணே மருத்துவரிடம் வர அஞ்சுகிறாள். கருக்கலைப்பு கோரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளது அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியதை ஒவ்வொரு மருத்துவ அலுவலரும் அறிந்திருக்க வேண்டும். ஆண் பிள்ளைகளோ இந்தப் பேச்சிலேயே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள்.